அக்கா வீட்டுக்குப் போக ஒரு சீட்டு

என் ஆயா புதுச்சேரிப் பக்கம் பாகூர்க்காரர். 1936-இல் பிறந்தவர், அதாவது பிரெஞ்சு மண்ணில். அவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். நடுவில் பெண்ணையாறு, அவ்வளவுதான். காலையில் வண்டி கட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டில் இருக்கலாம் என்பார். எங்கள் பக்கத்துப் பழைய வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வயல் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த வயல் இந்தியாவுடையது, மாடு மேய்க்கப் போகிறவன் ஒரு நாளைக்கு நாலு முறை நாடு மாறுவான், அவனுக்கே அது தெரியாது. 1941 முதல் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சுங்க உடன்பாடு இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை.

1949-இல் இந்திய அரசு அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போக வேண்டும், அதற்கான நெருக்கடி இது. எல்லை நெடுகச் சுங்கச்சாவடிகள் வந்தன, பிறகு ஆட்கள் போக வரவும் கெடுபிடி கூடியது. ஆயாவின் அக்காவுக்கு வளைகாப்பு வந்தபோது ஆயாவுக்குப் பதினாலு வயது. தாய்வீட்டுச் சீராகப் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் கட்டி அன்னக்கூடையில் வைத்து வண்டியில் கொண்டுபோயிருக்கிறார்கள். சாவடியில் இருந்தவர் துணியை விலக்கிப் பார்த்தார். அதோடு விடவில்லை. ஒரு நீளக் கம்பியை எடுத்து ஒவ்வொரு கூடையிலும் சோற்றுக்குள் விட்டு அடிவரை குத்திப் பார்த்தார். தங்கம் ஏதாவது இருக்கிறதா என்று. அந்தக் காலத்தில் புதுச்சேரி வழியாகத் தங்கமும் வைரமும் உள்ளே போனது ஊரறிந்த கதை, அதனால் அவர் தேடியதில் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சோற்றைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்க என் கொள்ளுப்பாட்டிக்கு மனம் வரவில்லை. ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி அத்தனையையும் கொட்டிவிட்டு, வெறும் வளையலும் புடவையுமாகப் போய் மகள் முன்னால் நின்றிருக்கிறார்.

இத்தனைக்கும் எங்கள் வீடு இந்தியாவோடு சேர வேண்டும் என்று நினைத்த வீடு. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் சேரலாம் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தபோது, கொள்ளுத்தாத்தா தெருவுக்கே வெல்லம் கொடுத்தாராம். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. ஆயாவும் அதைப் பெருமையாகத்தான் சொல்வார். ஆனால் சொல்லி முடித்ததும் வளைகாப்புக் கதையும் வந்துவிடும். "சேரணும்னு நாங்களுந்தான் நெனச்சோம். சோத்துல ஏன்டா குத்தினான்? அக்கா வூட்டுக்குப் போறதுக்கு எதுக்குடா சீட்டு?"

அந்தக் கேள்வி என் காதில் மறுபடி விழுந்தது 2015 ஜனவரியில்.

நான் இணையதளங்கள் செய்து பிழைப்பவன். 2012-இலிருந்து என்னோடு வேலை செய்த வடிவமைப்பாளர் ஒருவர் உக்ரைனின் கிரிமியா தீபகற்பத்தில், சிம்ஃபெரோபோல் நகரத்தில் இருந்தார். நேரில் பார்த்ததில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர், வேலையில் மிகவும் கண்டிப்பு, ஒரு எழுத்துரு கொஞ்சம் தள்ளி இருந்தாலும் திருப்பி அனுப்புவார். 2014 பிப்ரவரி கடைசியில் அவர் ஊருக்கு ரஷ்யப் படைகள் வந்தன, மார்ச் 16-இல் ஒரு வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது, 18-ஆம் தேதி ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அவர் அந்த வாக்கெடுப்புக்குப் போகவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் தெருவில் நிற்கும்போது என்ன வாக்கு என்று ஒரே வரிதான் எழுதினார். மார்ச் 27-இல் ஐ.நா. பொதுச்சபை அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று 100 நாடுகளின் ஆதரவோடு தீர்மானம் போட்டது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. எனக்கு அன்றைக்கும் அதில் வருத்தம், இன்றைக்கும் வருத்தம்.

அப்புறம் தடைகள் வந்தன. ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் கிரிமியாப் பொருள்களை வாங்கக் கூடாது என்றது. டிசம்பர் 19-இல் அமெரிக்க அதிபர் ஒபாமா ஒரு ஆணையில் கையெழுத்திட்டார், கிரிமியாவோடு முதலீடு, ஏற்றுமதி, இறக்குமதி, சேவை எதுவும் கூடாது. ஒரு வாரத்துக்குள் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்வது நின்றது. நாங்கள் இருவரும் பயன்படுத்திய இணைய வேலைத்தளத்திலிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: உங்கள் வசிப்பிடம் தடை செய்யப்பட்ட பகுதி என்பதால் கணக்கு மூடப்படுகிறது. நான் கொடுக்க வேண்டிய ஒரு மாதச் சம்பளம், 312 டாலர், நடுவில் நின்றுபோனது. இங்கே புதுச்சேரியில் என் வங்கிக்கு நேரில் போய்க் கேட்டேன். அந்த ஊர்ப் பெயரைக் கண்டாலே அமைப்பு தானாக நிறுத்திவிடும் சார், எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார் அங்கிருந்தவர். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவருக்குக் கிரிமியா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆக, தன் ஊரைப் பறித்தவர்களுக்கு வாக்களிக்கப் போகாத ஒரு பெண், அப்படிப் பறிக்கப்பட்டதற்காகவே சம்பளம் இழந்தார். எப்படிச் சொன்னாலும் எனக்கு இது சரியாகப் படவில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் நான் சும்மா தள்ளிவிடவில்லை. மற்ற யாரையும்விட, அந்த மண்ணின் பூர்வகுடிகளான கிரிமியத் தாத்தார்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. 1944 மே 18-இல் ஸ்டாலின் அந்த இனத்தையே ரயில் பெட்டிகளில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பினார். அவர்களுடைய தலைவர் முஸ்தஃபா ஜெமிலேவ் அப்போது கைக்குழந்தை. திரும்பி வர அவர்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2014-இல் அதே மனிதரை ரஷ்யா மறுபடி ஊருக்குள் விடவில்லை. 2015 செப்டம்பரில் தாத்தார் தலைவர்களே உக்ரைன் பக்கத்துச் சாலைகளில் நின்று கிரிமியாவுக்குப் போன சரக்கு லாரிகளை மறித்தார்கள். தங்கள் சொந்த மக்கள் உள்ளே இருக்கும்போதே. காரணம் எளிது: லாரி வழக்கம்போல் போனால், கடை வழக்கம்போல் திறந்தால், ஆக்கிரமிப்பும் வழக்கமாகிவிடும். சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இழந்தவனே கேட்கும் தடையை, அரைகுறையாகத் தெரிந்த நான் இங்கே கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து அநியாயம் என்று சொல்ல முடியுமா? பல நாள் இதில் தடுமாறினேன்.

நவம்பரில் மின் கோபுரங்களையே யாரோ வெடிவைத்துச் சாய்த்தார்கள். சுமார் இருபது லட்சம் பேர் வாழும் தீபகற்பம் இருளில் மூழ்கியது, மருத்துவமனைகள் ஜெனரேட்டரில் ஓடின. அந்த வடிவமைப்பாளர் அலைபேசியில் மிச்சமிருந்த சார்ஜில் எனக்கு எழுதினார், மாடியில் இருக்கும் அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்று. அதற்கு நாலு வருடம் முன்னால், 2011 டிசம்பர் 30-இல், தானே புயல் எங்களை அடித்தபோது எத்தனையோ நாள் கடலூரிலும் புதுச்சேரியிலும் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். இருட்டில் ஒரு கிழவியை வைத்துக்கொண்டு இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் எங்களை அடித்தது காற்று. காற்றோடு யாரும் பேச முடியாது. அவர்களை அடித்ததோ அவர்கள் பக்கம் நிற்பதாகச் சொன்னவர்கள்.

தடை என்றால் உண்மையில் என்ன என்று இங்கே நம்மிடையே வாழ்கிறவர்களைக் கேட்டாலே போதும், அதற்குக் கிரிமியா வரை போக வேண்டியதில்லை. கீழ்ப்புதுப்பட்டு முகாமில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை இருக்கிறார், யாழ்ப்பாணத்தவர், இப்போது பெயின்ட் வேலை. அது இன்னொரு வகைச் சிக்கல், வேற்று நாட்டின் ஆக்கிரமிப்பு அல்ல, ஒரே தீவுக்குள் அரசின் கைவிட்டுப்போன பகுதிக்கு அந்த அரசே போட்ட தடை. ஆனாலும் தடை வேலை செய்யும் விதம் ஒன்றுதான். 1990-க்குப் பிறகு பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை, சிமென்ட் இல்லை, உரம் இல்லை, மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்க. அண்ணை ஒன்று சொன்னார், அதை நான் பல இடத்தில் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: "சண்டை பிடிக்கிறவையின்ர வாகனம் ஒருநாளும் நிண்டதில்லை தம்பி. நிண்டது எங்கட மோட்டார்சைக்கிள்தான்."

கிரிமியாவிலும் இதுதான் நடந்தது. 2017 கோடையில் வெளிவந்த செய்தி உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் ரஷ்யாவின் தமான் பகுதிக்கென்று விற்ற நான்கு எரிவாயு விசையாழிகள் கிரிமியாவில் போய் இறங்கியிருந்தன. எங்களுக்குத் தெரியாமல், ஒப்பந்தத்தை மீறிக் கொண்டுபோய்விட்டார்கள் என்றது நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் சம்பந்தப்பட்ட சிலரைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வீட்டளவு பெரிய இயந்திரம் எல்லை தாண்டிப் போக வழி இருந்திருக்கிறது. 2018 மே மாதம் ரஷ்யாவையும் கிரிமியாவையும் இணைக்கும் கெர்ச் பாலத்தையும் திறந்துவிட்டார்கள். என்னுடைய 312 டாலர் மட்டும் போகவில்லை. மாஸ்கோவில் உறவினர் இருந்தவர்கள் அங்கே ஒரு முகவரியும் வங்கிக் கணக்கும் எடுத்துக்கொண்டு பிழைத்தார்கள் என்று அந்த வடிவமைப்பாளர் சொன்னார். அதாவது ரஷ்யாவோடு ஒட்டிக்கொண்டவருக்கு வலி குறைவு, ஒட்டாமல் நின்றவருக்கு வலி அதிகம். தடை போட்டவர்கள் விரும்பியது இதற்கு நேர் எதிரானதாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

வடக்கு சைப்ரஸில் ஐம்பது வருடமாக இதையே பார்க்கிறோம். 1974-இல் துருக்கிப் படை வந்தது, 1983-இல் தனி நாடு என்று அறிவித்தார்கள், துருக்கியைத் தவிர யாரும் ஏற்கவில்லை. ஏற்காதது சரிதான். 1994-இல் ஐரோப்பிய நீதிமன்றம், அங்குள்ள அதிகாரிகள் தரும் சான்றிதழோடு வரும் எலுமிச்சையையும் உருளைக்கிழங்கையும் ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. விளைவு? அங்குள்ள விவசாயி துருக்கியையே முழுக்க நம்பி வாழ வேண்டியதானது. 2004-இல் தீவை ஒன்றாக்கும் ஐ.நா. திட்டத்துக்குத் துருக்கிய சைப்ரஸ்காரர்களில் 65 விழுக்காட்டினர் சம்மதம் சொன்னார்கள், கிரேக்கப் பக்கம் நிராகரித்தது. அதற்குப் பிறகும் அந்த மக்களின் தனிமை தீரவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் என்னால் இவ்வளவு உறுதியாகப் பேச முடியவில்லை. வட கிரிமியக் கால்வாய் த்னீப்ரோ ஆற்றிலிருந்து போவது, அப்போது கிரிமியாவின் தண்ணீரில் சுமார் 85 விழுக்காடு அதிலிருந்துதான் வந்தது. 2014-இல் உக்ரைன் அதை அணை போட்டு அடைத்தது. வடக்கே நெல் விளைந்த நிலம் காய்ந்தது, ஆமாம், அங்கேயும் நெல்தான். பாகூர் ஏரியை நம்பி மூன்று தலைமுறை சாப்பிட்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. 2020-இல் சிம்ஃபெரோபோலில் குடிநீரை முறை வைத்து விட்டார்கள். ஆனால் உக்ரைன் சொன்ன பதிலும் பொய்யல்ல: ஆக்கிரமித்தவன்தான் அந்த மக்களுக்கு உணவும் மருந்தும் தரக் கடமைப்பட்டவன், ஜெனீவா ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது, ராணுவத் தளங்களுக்கும் போகும் தண்ணீரை நான் ஏன் விட வேண்டும்? 2022-இல் ரஷ்யப் படை உக்ரைனின் கெர்சோன் பகுதிக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்த அணையை உடைத்ததுதான். நான் உக்ரைனில் பிறந்திருந்தால் கால்வாயைத் திறந்திருப்பேனா என்று கேட்டால், குடிக்க மட்டும் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். குடிக்கும் நீரையும் வயல் நீரையும் ஒரு கால்வாயில் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஓய்வூதியக் கதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கோபம் வந்தது இதில்தான்.

புதுச்சேரியில் "சொல்தா" வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1954-இல் நிர்வாகம் போனது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் ஊர் பிரான்சின் கையைவிட்டுப் போனது, ஆனாலும் சொல்தாவுக்கு பிரெஞ்சு ஓய்வூதியம் வந்துகொண்டே இருந்தது, அவர் செத்தால் மனைவிக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி அதை வைத்தே இரண்டு பேத்திகளுக்குக் கல்யாணம் செய்தார். ஊர் எந்தக் கொடியின்கீழ் இருக்கிறது என்பது வேறு, இந்த மனிதர் உழைத்துச் சேர்த்த உரிமை வேறு. பிரான்ஸ் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு, இதில் இல்லை.

உக்ரைனின் கிழக்கே, தொனேத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளில் என்ன நடந்தது? 2014 கடைசியில், ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சியாளர்களின் பிடியில் இருந்த ஊர்களுக்கு ஓய்வூதியம் தருவதை உக்ரைன் நிறுத்தியது. வேண்டுமென்றால் அரசின் பக்கம் வந்து, இடம்பெயர்ந்தவர் என்று பதிவு செய்துகொண்டு வாங்க வேண்டும். வாழ்நாளெல்லாம் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களும் அவர்களுடைய விதவைகளும் சில மாதத்துக்கு ஒரு முறை போர்முனையைத் தாண்டி நடந்தார்கள். லுஹான்ஸ்க் பக்கத்தில் நடந்துபோக இருந்தது ஸ்தானித்சியா லுஹான்ஸ்கா பாலம் ஒன்றுதான், அதுவும் 2015-இல் உடைந்த பாலம், இடிபாட்டின் மேல் மரச்சரிவு போட்டு வைத்திருந்தார்கள். கைத்தடியோடும் சக்கர நாற்காலியிலும் கிழவர்கள் அதில் ஏறி இறங்கினார்கள், வரிசையில் நின்றபடி இறந்தவர்களும் உண்டு. 2019 நவம்பரில்தான் சரிசெய்தார்கள். உக்ரைன் படையெடுப்புக்கு ஆளான நாடு, அதன் மேல் எனக்குள்ள பரிவு குறையவில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் ஏறிய கிழவி யாருடைய ஊரையும் பிடிக்கவில்லை. அவள் கேட்டது தன் பணத்தை.

பிள்ளை பிறந்தாலும் இதே அலைச்சல். ஆக்கிரமிப்புப் பகுதி மருத்துவமனை தந்த பிறப்புச் சான்றை உக்ரைன் ஏற்கவில்லை, தாய் அரசின் பக்கம் வந்து நீதிமன்றத்தில், இந்தக் குழந்தை பிறந்தது உண்மை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. என் ஆயாவின் பிறப்புப் பதிவு பிரெஞ்சில் இருந்தது, பெயரில் பாதி எழுத்து தப்பு. அதை வைத்தே இந்திய அரசிடம் முதியோர் உதவித்தொகை வாங்கினார்.

இதற்கு ஒரு பழைய கருத்துரை இருக்கிறது. நமீபியாவைத் தென்னாப்பிரிக்கா சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தபோது, 1971 ஜூன் 21-இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அந்த ஆட்சியை எந்த நாடும் ஏற்கக் கூடாது, அதன் இருப்புக்கு உதவும் எதையும் செய்யக் கூடாது. ஆனால் அப்படி ஏற்காததால் நமீபிய மக்களுக்குச் சர்வதேச ஒத்துழைப்பின் பலன் கிடைக்காமல் போகக் கூடாது, உதாரணமாகப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைச் செல்லாது என்று தள்ளினால் கஷ்டப்படுவது அந்த மக்கள்தான். இத்தனை தெளிவாக அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

அதனால் தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தில் கப்பல் நிற்கக் கூடாது, அபகரித்த நிலத்தில் யாரும் ஓட்டல் கட்டக் கூடாது, ராணுவத்துக்குப் பயன்படும் ஒரு திருகாணிகூடப் போகக் கூடாது, விசையாழியை விற்றவனையும் கொண்டுபோனவனையும் விடக் கூடாது. ஆக்கிரமித்தவன் கொண்டுவந்து குடியேற்றியவர்கள் பறித்த நிலத்தில் விளைவித்ததை வாங்காமல் இருப்பதும் எனக்குச் சரி, மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியிருப்புகளின் சரக்கைச் சொல்கிறேன், அங்கே தண்டனை ஊர்க்காரனுக்கு இல்லை. ஆனால் ஒருத்தியின் சம்பளம், ஒரு கிழவரின் ஓய்வூதியம், மருந்து, கடிதம், பிள்ளையின் பெயர் எழுதிய காகிதம், இவற்றில் கை வைப்பவர்கள் அதை அவர்களுடைய நன்மைக்கென்று சொல்ல வேண்டாம். ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகப் பார்க்க நேரமில்லை, செலவு அதிகம், அதனால் ஊர்ப் பெயரை வைத்தே மொத்தமாக மூடுகிறார்கள். நடப்பது இதுதான். கம்பியைச் சோற்றுக்குள் விடுவதும் அதனால்தான், யார் கூடையில் தங்கம் என்று விசாரிப்பதைவிட எல்லாக் கூடையையும் குத்துவது சுலபம்.

போன மாதம் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினேன். புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டும்போது பக்கத்தில் இருந்த பெண் தூங்கிக்கொண்டிருந்தார். கடலூர்ப் பக்கம் போகும் வண்டிகளில்தான் இப்போதும் பையைத் திறந்து மது பாட்டில் தேடுவார்கள், இந்தப் பக்கம் வருகிறவர்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

என் வடிவமைப்பாளர் 2019-இல் கிரிமியாவை விட்டு ஜார்ஜியாவின் திபிலிசிக்குப் போனார். புதுக் கணக்கு திறந்ததும் எனக்கு எழுதினார். அன்றே 312 டாலரையும் அனுப்பினேன், இரண்டு நாளில் சேர்ந்துவிட்டது. பழைய கண்டிப்பு போகவில்லை, ரசீது அனுப்பினார், நான்கு வருடத்துக்கு முந்தைய வேலையின் பெயரோடு. அம்மா வரவில்லை, அந்த மாடி வீட்டை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். இங்கே சம்பாதிப்பதை அம்மாவுக்கு அனுப்ப முடியவில்லை, ஊருக்குப் போகும் யாரிடமாவது ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டும், அப்படிப் போகிற ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தார்.